எப்போதிருந்து வலி?

தோவாளை,
3.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு ஷிஜி எழுதுவது.

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் தபால். நானும் ஷாஜனும் சுகம். உங்களுக்கு மலம் கறுப்பாகப் போகிறது என்று சித்தி மகள் ஜினிஷா சொன்னாள். உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிப் போகுமாம், மருந்துக்கடையில் கேட்டேன். நாள் கடத்தாமல் நாகர்கோவிலில் காட்டுங்கள். முட்டுவலிக்கு நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஷாஜனை நான் கல்யாணம் செய்ததால்தான் உங்கள் வயிறு புண்ணானது என்று மீன் ஏலத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். மூன்று வருடமாக அதை நினைக்காமல் நான் சோற்றில் கை வைத்ததில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும். போய்க் காட்டுங்கள்.

உங்கள் மகள்,
ஷிஜி

குளச்சல்,
21.9.2024

மகள் ஷிஜிக்கு அப்பா எழுதுவது.

போனேன். உன் அம்மாவும் வந்தாள். "எப்போ இருந்து வலி?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். மகள் கல்யாணத்திலிருந்து, மூன்று வருடமாக என்றேன். உன் அம்மா விடவில்லை.

"மூணு வருஷமா? ஷிஜி எட்டாம் கிளாஸ் படிக்கும்போதே வயித்தைப் பிடிச்சிட்டு வலி அடங்க பிஸ்கட் தின்ன மனுசன்தானே நீரு! பிள்ளைக்க தலையில கெட்டி வைக்காதேயும்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். துளி சதை கிள்ளிச் சோதித்ததில் கிருமி இருந்தது. முட்டுவலி மாத்திரை புண்ணை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. கவலை வலியைக் கூட்டலாம், இந்தப் புண்ணுக்குக் காரணம் அது இல்லை என்றார். இரண்டு தடவை கேட்டேன். அதையே சொன்னார். பதினான்கு நாள் மருந்து.

நேற்று ஏலத்தில் அதே ஆட்களிடம் சொன்னேன். "கிருமியாம்லே. பிள்ளை இல்ல."

அவர்களில் சிஜின் என்பவன் சொன்னான்: "கிருமிய உள்ள வச்சுட்டு பிள்ளைய வெளிய தள்ளிட்டீரே!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். வீட்டுக்கு வா மக்கா.

அப்பா,
டைட்டஸ்

தோவாளை,
25.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை ஷாஜனுக்கு வாசித்துக் காட்டினேன். பிஸ்கட் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மிச்சத்தை அவர்தான் வாசித்தார். அழுகை வரவில்லை. களைப்பாக இருந்தது. படுத்துத் தூங்கிவிட்டேன்.

மருந்தை ஒரு வேளை விடாமல் முடியுங்கள். டாக்டரைக் கேட்காமல் முட்டுவலி மாத்திரையைத் தொடாதீர்கள். மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிப்பார்களாம். நாள் குறித்ததும் சொல்லுங்கள், துணைக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் அப்பா. வீட்டுக்கு வர இன்னும் தெம்பு இல்லை.

ஷிஜி