படையலில் வைத்த சாராயம்

1 மார்ச் 2024, வெள்ளி
இறந்தவருக்குப் படைத்த சாராயம் போலி என்றால், ஏமாந்தவர் யார்? எனக்குத் தெரியவில்லை. 1875ஆம் ஆண்டு பிரிட்டிஷ் உணவுச் சட்டமும் சொல்லவில்லை. வாங்குபவர் கேட்ட தன்மையும் பொருளும் தரமும் இல்லாததை விற்பது குற்றம் என்கிறது, அவ்வளவுதான். இன்றைய சட்டத்திலும் இருக்கும் அந்த வரியை வைத்துத்தான் இருபது வருடமாக லண்டனில் கவுன்சிலுக்காகக் கடைகளைச் சோதிக்கிறேன். கேட்டவர் உயிரோடு இருக்க வேண்டுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

இன்று வைத்தியநாதன் பெரியப்பாவின் எட்டு, இறந்த எட்டாம் நாள் படையல். படத்துக்கு முன் நண்டுக்கறி, சிகரெட், அவர் பாதி குடித்து வைத்த தென்னஞ்சாராயப் போத்தல். படையல் முடிந்ததும் மகன் கிருசாந்தன் ஒரு வாய் குடித்தான்.

"இது சாராயமே இல்லை! செபமாலைமுத்து ஏமாத்திப்போட்டான்."

செவன் கிங்ஸ் பகுதியில் கடை வைத்திருப்பவரைச் சொல்கிறான். பெரியம்மா சமையலறைக்குள் போய்விட்டார். போத்தல் என் கைப்பையில்.

4 மார்ச், திங்கள்
உறவு விவகாரம் என்று எழுதிக்கொடுத்து ஒதுங்கிவிட்டேன். என்னோடு வேலை செய்யும் ஷெறோன் அந்தக் கடையில் மூன்று போத்தல் மாதிரி எடுத்து, மிச்சத்தை விற்கக்கூடாது என்று நிறுத்திவிட்டாள். பெரியப்பாவின் போத்தலும் ஆய்வுக்குப் போகிறது. கடைப் போத்தல் போலி என்று வந்தால் லைசென்ஸ் போகும்.

12 மார்ச்
செபமாலைமுத்து அண்ணை போனில் கூப்பிட்டார். பேசக்கூடாது. பேசினேன்.

"தங்கச்சி, சனம் இப்ப என்ரை கடையில தண்ணிப் போத்தலையும் மணந்து பாத்துத்தான் வாங்குது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

22 மார்ச், வெள்ளி
கடைப் போத்தல் மூன்றும் அசல். பெரியப்பாவின் போத்தலில் பாதிக்கு மேல் தேயிலைச் சாயம்!

திறந்த போத்தலை வைத்துக் கடைக்காரரைச் சந்தேகிக்கக்கூடாது என்று புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். வெட்கம்.

23 மார்ச், சனி
பெரியம்மாவிடம் கேட்டேன். தேங்காய் துருவுவதை அவர் நிறுத்தவில்லை.

"டொக்டர் குறைக்கச் சொன்னவர். அந்த மனுசன் கேக்குமே? ஒன்பது வருசமாப் பால் விடாத பிளேன்ரீ கலந்தனான். ஒருநாளும் கண்டுபிடிக்கேல்லை. நீ ஒரு மாசத்தில பிடிச்சிட்டாய்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு பிள்ளை, அவரின்ரை படத்துக்கு முன்னாலையே?"

நாளை முப்பத்தோராம் நாள். எல்லாரும் வருவார்கள். அண்ணையின் பெயரைக் காப்பாற்றுவதென்றால் பெரியம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும் — நானா? சட்டத்தில் இதற்கும் பிரிவில்லை.

24 மார்ச், ஞாயிறு
நடந்தது இதுதான். செபமாலைமுத்து அண்ணை மூடி உடைக்காத போத்தலோடு வந்தார். பெரியம்மாவே அழைத்திருக்கிறார். எல்லார் முன்னாலும் அவரையே திறக்கச் சொன்னார்.

"இவரின்ரை சாராயம் நல்லது. தேத்தண்ணி கலந்தது நான்."

பிறகு கிருசாந்தன், "அப்ப, அப்பா குடிச்சிட்டு ஆடினது?"

"தேத்தண்ணி வெறி, தம்பி," என்றார் அண்ணை. வீடே சிரித்தது. பெரியப்பாவின் தம்பி அங்கேயே இரண்டு போத்தலுக்குச் சொல்லிவைத்தார்.

படத்துக்கு முன் கிளாஸ் நிறைய அசல் சாராயம். எல்லாரும் சாப்பிடப் போனதும், பெரியம்மா தன் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி பிளேன்ரீ எடுத்து அதில் விட்டார்.

நான் மாதிரி எடுக்கவில்லை.