பாகீரதி குடித்த பால்

என் விசாலத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை விட்டிருக்கிறது. ஜன்னலின் பச்சைப் பலகைகளுக்கு நடுவே வெயில் கோடு கோடாக இறங்கித் தரையில் கிடக்கிறது. அப்பா தூங்குகிறார், மூத்தவள் ராஜி தூங்குகிறாள், பாகீரதி என் பக்கத்தில் பாயில் கையை விரித்துத் தூங்குகிறாள். இந்தக் கல்கத்தாவில் பவானிப்பூரே தூங்குகிறதோ என்னவோ, டிராம் மணிகூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கிறது.

இப்படி ஒரு நேரத்தில்தான் நீ வருகிறாய். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிற்கிறாய். கண்ணை முழுதாகத் திறந்தால் போய்விடுவாய் என்று நான் அரைக்கண்ணோடு படுத்திருப்பேன். இன்றும் அப்படித்தான். நீ போன பிறகு எழுந்து ஆபீஸ் காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எட்டுமா என்று தெரியாது. எட்டாவிட்டாலும், யாராவது படித்து உன்னைத் தெரிந்துகொள்ளட்டும்.

பாகீரதிக்குப் பெயர் வைத்த மறுநாள் நீ கண்ணை மூடினாய். பிரசவ ஜுரம் என்றார் டாக்டர் பாபு. பன்னிரண்டு நாள் சிசுவை வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் என்ன செய்வோம், சொல்! சமையலை அப்பா எடுத்துக்கொண்டார். குழந்தையை நான் எடுத்துக்கொண்டேன்.

தர்மதலாவில் ஒரு கடையில் பால் புட்டி வாங்கினேன். சீமைச் சரக்கு. புட்டிக்கும் காம்புக்கும் நடுவே முழ நீளத்துக்கு ரப்பர் குழாய். "குழந்தை தானாகவே படுத்துக்கொண்டு குடிக்கும், யாரும் பிடிக்க வேண்டாம்" என்றான் கடைக்காரன். யாரும் பிடிக்க வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கடை வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் வாங்கினேன்.

பத்து நாள் ஒழுங்காகக் குடித்தாள். பிறகு வாந்தி. பிறகு பச்சை பச்சையாகப் பேதி. தொடையில் இருந்த சதையெல்லாம் வற்றி, தோல் துணிபோல் மடிந்தது. டாக்டர் பாபு வந்தார். குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் புட்டியை எடுத்தார். குழாயை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"இதைத் தூக்கி எறியுங்கள். இதன் உட்புறத்தை யாராலும் கழுவ முடியாது. நேற்றைய பால் உள்ளேயே இருந்து விஷமாகிறது."

"வேறே என்ன கொடுக்கிறது?"

"தாய்ப்பால். எந்தத் தாயுடையதானாலும் சரி. தாமதம் செய்யாதீர்கள்."

எதிர்வீட்டு பௌதியை உனக்கு நினைவிருக்கும். நீ வங்காளம் பேசத் தெரியாமலும் அவள் தமிழ் தெரியாமலும் இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஜன்னல் கையாலேயே பேசிச் சிரிப்பீர்களே. இந்த ஊர்க்காரர்கள் அண்ணியைக் கூப்பிடும் முறையில் நானும் அவளை பௌதி என்றே கூப்பிடுகிறேன். அவள் பையனுக்கு அப்போது ஐந்து மாதம். டாக்டர் வந்துபோன சாயங்காலம் அவள் நம் மாடிப்படிவரை வந்து, தலையில் புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, "குழந்தையை என்னிடம் கொடுங்கள், எனக்கு இரண்டு பேருக்குக் கொடுக்கப் பால் இருக்கிறது" என்றாள்.

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

"மீன் திங்கறவா பாலா? நம்மாத்துக் கொழந்தைக்கா? சிவ சிவா!" என்று அவர் உள்ளே போய்விட்டார். பாஷை புரியாவிட்டாலும் பௌதிக்கு எல்லாம் புரிந்தது. படியிறங்கிப் போனாள்.

'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று நீ கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை, விசாலம். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, ஆபீஸில் பதினைந்து பேரை அதட்டுகிறவன், அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் பாலாடையில் பசும்பாலைப் புகட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கடைவாய் வழியாக வழிந்ததுதான் அதிகம். இரண்டாம் நாள் அழுகையும் நின்றுவிட்டது. அழாத குழந்தையைப் பார்க்க எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் விடிகாலை. நல்ல மழை. அப்பா ஸ்நானம் செய்து விபூதி இட்டுக்கொண்டு ஜபத்துக்கு உட்காரப் போனவர், தொட்டிலருகே ஒரு நிமிஷம் குனிந்தார். பாகீரதி அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். சப்பினாள். ஒன்றும் வரவில்லை. விட்டுவிட்டுத் திரும்பவும் சப்பினாள். அப்பா விரலை எடுக்கவே இல்லை. அவர் தோள் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

பிறகு நடந்தது இன்னும் எனக்குக் கனவுபோல்தான் இருக்கிறது. குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, மேல்துண்டுகூட இல்லாமல், அவர் படியிறங்கினார். குடையை எடுத்துக்கொண்டு நான் ஓடுவதற்குள் மழையில் சந்தின் குறுக்கே நடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். பௌதியே வந்து திறந்தாள். கல்கத்தாவுக்கு வந்து ஒன்பது வருஷத்தில் அப்பா வங்காளத்தில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டதில்லை. கையிரண்டையும் நீட்டி, "அம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவருக்குத் தமிழும் வரவில்லை.

இந்த ஊரில் பெரியவர்கள் பெண்களை 'மா' என்றுதானே கூப்பிடுகிறார்கள்? அவளுக்கு அது அப்படியே கேட்டது. "வாருங்கள், பாபா" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பாபா என்றால் அப்பா.

அப்பாவும் நானும் வாசல் நடையில் நின்றோம். உள்ளேயிருந்து சின்னதாக ஒரு சத்தம், விழுங்கும் சத்தம். மழைச் சத்தத்துக்கு நடுவே அது எங்கள் காதில் விழுந்திருக்க முடியுமா? விழுந்தது என்றுதான் அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

ஒரு மாதத்தில் உன் பெண் உருண்டையாகிவிட்டாள். வேளா வேளைக்கு ராஜி தூக்கிக்கொண்டு போவாள், கொண்டு வருவாள். ஏழு வயதுக்குள் அவள் வங்காளத்தில் சண்டைகூடப் போடுகிறாள். அவள்தான் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அப்பா, பௌதி மீனே சாப்பிடறதில்லையாம். அவா மாமியார் கத்தறா."

"ஏனாம்?"

"தாத்தாவுக்குப் பிடிக்காதோன்னோ? பாகீரதிக்குப் பால் குடுக்க ஆரம்பிச்ச அன்னியிலேருந்து விட்டுட்டாளாம். நேத்திக்குக் குழாயடியில தலை சுத்தி உக்காந்துட்டா."

இந்த ஊரில் புருஷனை இழந்தவர்கள்தான் மீனை விடுவார்கள். சுமங்கலி ஒருத்தி விட்டால் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்று மாமியார் பதறாமல் என்ன செய்வாள்? இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு, வீட்டில் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

அப்பா இலையில் கையை வைத்தபடியே இருந்தார். "பால் குடுக்கற பொண்ணு ஒடம்பை வாட்டிண்டிருக்கா, நம்மாலயா?" என்றார். கையலம்பிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய் பௌதியின் புருஷனைக் கூப்பிட்டார். எங்கே போனார்கள் என்று நினைக்கிறாய்? மீன் சந்தைக்கு! அந்தத் தெருவைத் தவிர்க்க அரை மைல் சுற்றிப் போகிறவர்!

திரும்பி வரும்போது அப்பா கையில் ஒரு மண்சட்டி. உள்ளே தண்ணீரில் உயிரோடு மாகுர் மீன்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு ரத்தம் ஊற அதைத்தான் இங்கே கொடுப்பார்களாம். பௌதியின் புருஷன் எவ்வளவு கேட்டும் சட்டியைக் கொடுக்கவில்லையாம் அவர். உள்ளே மீன் துள்ளும்போதெல்லாம் "சிவ சிவா" என்றுகொண்டே, சந்து முழுக்க வேடிக்கை பார்க்க, நேராக எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"சாப்பிடு, அம்மா. நீ நன்னா இருந்தாத்தானே எங்காத்துக் கொழந்தை நன்னா இருக்கும்? நான் அன்னிக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

ராஜி அதை வங்காளத்தில் சொன்னாள். பௌதி சட்டியைத் தொடாமல் அப்பா காலைத் தொட்டாள். அவள் மாமியார் புடவையால் கண்ணை ஒற்றிக்கொண்டே உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அப்பா வீட்டுக்கு வந்து மூன்று முறை தலைக்கு ஊற்றிக்கொண்டு, பூணூலை மாற்றிக்கொண்டு ஜபத்துக்கு உட்கார்ந்தார். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். சிரித்திருப்பாயா, அழுதிருப்பாயா?

இப்போது பாகீரதிக்குக் கீழே இரண்டு பல். போன மாதம்தான் முதல் கவளம் சோறு ஊட்டினோம். இந்த ஊர் வழக்கப்படி தாய்மாமன் ஸ்தானத்தில் பௌதியின் புருஷன் உட்கார்ந்து ஊட்டினார். அம்மை குத்தியாகிவிட்டது, ராஜி தனக்கும் சேர்த்து அழுதாள். அப்பா தினமும் காலையில் குளக்கரை வரை நடக்கிறார், முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

எல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் மறைத்தால் இது என்ன கடிதம்? ஜுரம் வந்த முதல் நாள் காலை நீ போர்த்திக்கொண்டு படுத்திருந்தாய். "லேசாக் குளிர்றது, ஒண்ணுமில்லை, நீங்கோ ஆபீசுக்குப் போங்கோ" என்றாய். நான் உன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். முதல் நாளே கூப்பிட்டிருந்தால்? டாக்டர் பாபுவைக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். நீயாவது சொல்வாயா? அதைச் சொல்லத்தான் மத்தியானங்களில் வந்து நிற்கிறாயா?

போன வியாழக்கிழமை ராஜி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணுமில்லைப்பா" என்றாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெறும் ஜலதோஷம்தான். இதற்கா ஆபீசுக்குப் போகாமல் இருந்தீர்கள் என்று டாக்டர் பாபு சிரித்தார். சிரிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், விசாலம். இந்த வீட்டில் யார் 'ஒண்ணுமில்லை' என்று சொன்னாலும், அது அப்பாவானாலும், குழந்தைகளானாலும், எதிர்வீட்டு பௌதியானாலும், என் வாயே சொன்னாலும், நான் வாசல் தாண்ட மாட்டேன். உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை.

ராஜிக்கும் பாகீரதிக்கும் அப்பா,
உன் அகத்துக்காரன்.