ஆட்சேபணை இல்லை என்று எழுதியவன்

அக்கா,

இன்று லிஃப்டுக்குள் நெத்திலிக் கருவாட்டு வாசனை. கூட இருந்த பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ, காவலாளியிடம் கூடையை விட்டுவிட்டு, இரண்டு முறை கை கழுவிக்கொண்டு நீங்கள் கூட்டத்துக்கு வருவது நினைவுக்கு வந்தது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைக் கண்காணிக்கும் குழுவில் ஊர்க்காரர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. பொத்தேரியில் எங்கள் மருத்துவக் கல்லூரிக் குழுவுக்கு அப்படி வந்தவர் நீங்கள், சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்பவர். நான் குழுவின் செயலர். டாக்டர்கள் நடுவே வாய் திறக்க மாட்டீர்கள் என்றுதான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன். சொல்லவே கூசுகிறது.

உங்கள் குப்பத்துப் பெண்களுக்குப் சர்க்கரை நோய்க்கான புதிய மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. தொடங்குமுன், அந்தப் பெண்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களை ஆய்வுக்காரர்கள் மேசையில் வைத்தார்கள்.

"வேணாம்னு சொன்னது எத்தினி பேரு?" என்றீர்கள்.

ஒருவரும் இல்லை என்றார்கள், பெருமையாக.

"அப்போ கேக்கவே இல்ல. பஞ்சாயத்துல பெரியவங்க சரின்னுட்டா எவ வந்து வேணாம்ன்னுவா? வூடு வூடா போயி தனியா கேளு சார்."

நியாயம்தான். ஆனால் மறுபடி கேட்டால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும், துறைத்தலைவர் என்மேல் பாய்வார். கூட்டக் குறிப்பில் ஆங்கிலத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினேன். நீங்கள் சொன்னதெல்லாம் அதில் இருப்பதாகத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கினேன்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்டதுதான் என்று ஆய்வுக்காரர்கள் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்ல, "உன் கையெழுத்தும் கீதாமே" என்று அவள் மாமியார் நடுத்தெருவில் உங்களைக் கேட்டாராம். நேரே என் அறைக்கு வந்தீர்கள். கத்துவீர்கள் என்று பயந்து கதவைச் சாத்தினேன்.

"அவங்கள கேக்காமயே கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு பேஜாரு பண்ணவ நானு. என்னையே அப்டி பண்ணிட்டியே சார்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு கூட்டத்துக்கு வரவேயில்லை. போன மாதம் நீங்கள் இறந்துபோனதையும் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் படிவங்கள் வந்தால் மறுத்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்கிறேன். சார் ரொம்பக் கண்டிப்பு என்று புதியவர்கள் மெச்சுகிறார்கள். அது உங்கள் கேள்வி என்று இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை, அக்கா. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே.