பால் வற்றக் கட்டும் பூ

குண்டுமல்லி வாசம் காலையிலிருந்து வீட்டை விட்டுப் போகவில்லை, அத்தை. தலைக்கு வைத்த பூவாக இருந்தால் பரவாயில்லை. என் பேரன் பெண்டாட்டி, பால் வற்றட்டும் என்று மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் படுத்திருக்கிறாள். பிள்ளைக்கு இன்னும் முப்பது நாள் கூடக் கழியவில்லை.

நீங்கள் எனக்குக் கட்டியதும் இதே பூதான். நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியிலேயே பறித்தீர்கள். என் மகன் இரவெல்லாம் சிணுங்குகிறான் என்று, "உன்னுது தண்ணிப் பாலு, அதான் புள்ள தூங்க மாட்டேங்குது" என்றீர்கள். பசும்பாலைக் காய்ச்சிச் சங்கில் ஊற்றினீர்கள். அன்று பகல் அவன் அசையாமல் தூங்கினான். அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். ராத்திரி வயிறு உப்பிக் கத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரமே என்னைக் கேழ்வரகுக் காட்டுக்குக் களை எடுக்க அனுப்பினீர்கள். மார் கல்லாகி, காய்ச்சலோடு வரப்பில் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். மகன் உங்கள் முந்தானையைப் பிடித்துத்தான் வளர்ந்தான். உங்கள் சாவில் ஊரே அழுதது, நான் அழவில்லை. மாமியார் சாவுக்கு அழாத மருமகள் என்று பார்த்தவர்கள் பேசினார்கள். பேசட்டும்.

இவள் கதை வேறு. தாய் இல்லாத பெண், பிள்ளை பெற்று நேராக இங்கேதான் வந்தாள். நர்சம்மா சொன்னபடி தாய்ப்பால் மட்டுமே கொடுத்தாள். பால் வழிந்தது. பிள்ளை அடிக்கடி எழுந்தது. பச்சைப் பிள்ளை எழத்தான் செய்யும், அதன் வயிறு அவ்வளவுதான். இவள் உட்கார்ந்தபடியே தூங்கி, தூங்கியபடியே ஊட்டினாள். அப்புறம் ஒரு நாள் டின் பால் வந்தது. மாரில் பால் இருக்கும்போது டின் எதற்கு என்று நான் சண்டைக்குப் போனேன்.

"பாலு எனக்கு இருக்குதுங்க ஆயா. அவருக்குத்தான் தூக்கம் இல்ல. லோடு ஏத்திட்டுப் போறப்ப தொப்பூர் மலை இறக்கத்துல கண்ணு சொருகிடுச்சாம். முன்னால போன லாரிகிட்ட போயித்தான் பிரேக் புடிச்சிருக்காரு. புள்ள தூங்குனா அவரு தூங்குவாரு. நான் வேற என்னங்க பண்ணட்டும்?"

உங்களுக்கென்று இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்த ஒரு சொல்லையும் அவள் மேல் எறிய முடியவில்லை.

பிள்ளை தூங்கியதா? முதலில் கொஞ்சம். அப்புறம் பழையபடிதான். முன்பு இவள் ஒருத்தி மட்டும் விழித்து, கையை நீட்டிப் பிள்ளையை எடுத்து மாரில் போட்டுக்கொள்வாள். இப்போது தண்ணீர் சுட வைக்க வேண்டும், பாட்டில் கழுவ வேண்டும், பாலை ஆற்ற வேண்டும். அதற்குள் பிள்ளை வீறிட்டு என் பேரனையும் எழுப்பிவிடுகிறது. முந்தாநாள் திரும்பவும் மாரில் போட்டுப் பார்த்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலு நாள் விடாமல் வைத்தால் குடித்துவிடும் என்று சொன்னேன்.

"அந்த நாலு நாளும் அவரு எப்படிங்க வண்டி ஓட்டுவாரு?" என்றாள்.

பால் கட்டி வலி தாங்காமல், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று இன்று பூவைக் கட்டிக்கொண்டாள்.

அவன் மாரண்டஹள்ளியில் தக்காளி ஏற்றிக்கொண்டு அதே தொப்பூர் வழியாகச் சேலத்துக்குக் கிளம்பிவிட்டான். கண் இரண்டும் சிவந்திருந்தன. போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. போகாவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். குற்றம் சொல்ல இந்த வீட்டில் ஒருவரும் இல்லை, அத்தை. அவளும் இல்லை, அவனும் இல்லை, அந்தப் பச்சை மண்ணும் இல்லை. உங்கள் மேல் உள்ள கோபம் ஒன்றுதான் எனக்கு மிச்சம். உங்களை மன்னித்துவிட்டால், அவன் சேலம் போய்ச் சேர்ந்தேன் என்று போனில் சொல்லும் வரை கெட்டியாகப் பிடித்துக்கொள்ள என்னிடம் வேறு ஒன்றும் இருக்காது.