தண்ணீர் வருமா என்று கேட்டால்

மே 11

காலையில் சுவரைத் தேய்த்துக் கழுவினேன். வெள்ளம் விட்டுப்போன அந்தப் பழுப்புக் கோடு போகவே மாட்டேன் என்கிறது. கூடம், சமையலறை, அவர் படுத்திருந்த அறை, எல்லாவற்றையும் இடுப்புயரத்தில் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. பெயிண்ட் அடித்துவிடு என்கிறார்கள். அடிக்க மாட்டேன். எதிர்வீட்டுக் கோசாசிக்குத் தெரியட்டும்.

மே 12

எழுதித் தொலைக்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பிப்ரவரியில் விடியற்காலை வாய்க்கால் உடைத்துக்கொண்டது. ஒரு பக்கம் விளங்காத என் மனுஷரை நாற்காலியோடு இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். எங்கள் தெருவில் மண் கொட்டி ஓராள் உயரம் தூக்கிக் கட்டிய வீடு கோசாசி வீடு ஒன்றுதான். கேட்டைத் தட்டினேன். படியில் நின்றபடியே சொன்னான்: “இப்பதான் டைல்ஸ் ஒட்டியிருக்கு வினார்த்தி அக்கா. சிமெண்ட் காயல. ஈரக்காலோட ஏறினா எல்லாம் பேத்துக்கும். ரப்பர் படகு வந்துடும், கொஞ்சம் பொறுங்க.”

படகு மத்தியானம்தான் வந்தது. அதுவரை வீட்டுக்கே திரும்பி அவரை மேசைமேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நுரையீரலில் சளி கட்டி மார்ச்சில் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் ஓதலுக்கு வந்தான். அவன் ஆமீன்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. போகும்போது சோற்றுப் பொட்டலம் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனான், பாவி.

ஜூன் 20

கோசாசி கேட்டில் பலகை தொங்குகிறது. வீடு விற்பனைக்கு. சொந்த ஊர் காருட் பக்கம் மலைக்காற்று வாங்கப் போகிறானாம். எங்கள் பெக்காசி வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

நல்ல விலைக்கு விற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான். நான் இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அப்படியா?

ஜூன் 28

இன்று ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். வீட்டைப் பார்த்துவிட்டு நேரே தெருமுனைக்குப் போனார்கள். எங்கள் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் தரகனை நம்ப மாட்டார்கள். பார்மி அக்கா கடையில் சோயா தெம்பே பொரியல் தின்றுகொண்டே, அங்கே நிற்கிறவர்களிடம் சும்மா கேட்பதுபோல் கேட்பார்கள்: இங்கே தண்ணீர் வருமா? எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். “மழைன்னா தேங்கத்தான் செய்யும். கணுக்கால்கூட நனையாது, உடனே வடிஞ்சிடும்.” வெள்ளத் தெரு என்று பேர் வந்தால் எல்லோர் வீட்டு விலையும் இறங்கும் அல்லவா?

பார்மி அக்கா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே புகுந்தேன்.

“இடுப்பு வரைக்கும் வரும் தம்பி. வா, என் வீட்டுச் சுவத்தைக் காட்டுறேன்.”

காட்டினேன். அந்தப் பெண் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். “ஆனா அந்த வீடு மேடுதானே?” என்றான் அவன். “வீடு மேடு. தெரு மேடா? மூணு நாள் வெளிய வர முடியாது. உன் காரு மிதக்கும், நீ மாடியில நின்னு டாட்டா காட்டலாம்.”

ஓடியே போய்விட்டார்கள். ராத்திரிக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. எத்தனை மாதம் ஆகிறது இப்படிச் சாப்பிட்டு.

ஜூலை 19

இன்னொரு குடும்பம். காட்டினேன். போய்விட்டது.

ஆகஸ்ட் 3

தெருத் தலைவர் சுபாண்டி வந்தார். நான் கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

“அக்கா, உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடக் கூடாதா?”

“பொய்யா சொல்றேன்?”

“பொய்யின்னு யார் சொன்னா? என் பையன் கல்யாணத்துக்கு நான் வீட்டை விக்கிறதைத்தானே நம்பியிருக்கேன். கோசாசிமேல கோவம்னா அவன்கிட்ட காட்டுங்க. எங்க தலையில ஏன் மண்ணள்ளிப் போடுறீங்க?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் எனக்கென்ன? என் மனுஷர் மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்தபோது இந்தத் தெருவில் எவன் கோசாசியைக் கேள்வி கேட்டான்?

செப்டம்பர் 14

சீட்டுக்குலுக்கலுக்கு என்னைக் கூப்பிடவில்லை. பார்மி அக்கா மட்டும் பேசுகிறாள். அதுவும் திட்டத்தான். “பிடிவாதக்காரி, இந்தா, சூடா இருக்கு, தின்னு தொலை.”

கோசாசியின் பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. காலையில் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் எனக்குக் காபி.

அக்டோபர் 30

வந்தான்! என் வாசலுக்கு, அவனே, செருப்பைக் கழற்றிவிட்டு. உள்ளே கூப்பிடவில்லை.

“நீங்கதான் கெடுத்தீங்கன்னு தெரியும் அக்கா. சரி, போகட்டும். வீட்டுக்காரி ஈமாஸுக்கு உடம்பு முடியல, மழைக்கு முன்னால அவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்களே எடுத்துக்குங்க. விலையை நீங்களே சொல்லுங்க.”

அடிமாட்டு விலை சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. அந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2

கெபுமென் பக்கம் என் மனுஷர் பங்குக்கு வந்த வயலை விற்கச் சொல்லி மைத்துனருக்குப் போன் செய்தேன். பைத்தியமா என்றார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 5

பத்திரம் முடிந்தது. எழுந்து வரும்போது கோசாசி சாவியைக் கையில் வைத்து, “டைல்ஸை மட்டும் ஜாக்கிரதையாப் பாத்துக்குங்க அக்கா, ஆசையாப் போட்டது” என்றான். அந்த ஆளுக்கு நிஜமாகவே எதுவும் உறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேனா என்ன? தெரியவில்லை. ஆட்டோவில் வரும்போது ஓவென்று அழுதேன்.

ஜனவரி 18

தண்ணீர் வந்தது. கேட்டை அகலத் திறந்துவிட்டேன். தெருவே என் புது வீட்டில், சுபாண்டி குடும்பம் உட்பட. எல்லோரும் ஈரக்காலோடுதான் ஏறினார்கள். பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சினேன். ஒரு டைல்கூடப் பெயரவில்லை. அதைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

மார்ச் 8

அவர் வருஷ ஓதல். எல்லோரும் வந்தார்கள். சீட்டிலும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

வயலும் போய்விட்டது. இனி மாதாமாதம் எதைத் தின்பது? பழைய வீட்டை வாடகைக்கு விட வேண்டியதுதான். பெயிண்டருக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 6

வீடு பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். சிறுசுகள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும், முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வெள்ளைச் சுவர் அவளுக்குப் பிடித்துப்போனது. தொட்டிலை எங்கே கட்டலாம் என்று புருஷனிடம் காட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு, கேட்காமலா போவார்கள், பார்மி அக்கா கடைக்குப் போனார்கள். நானும் கூடவே போனேன்.

“அக்கா, இங்க தண்ணி வருமா?” அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பார்மி அக்கா கரண்டியை எண்ணெய்க்குள் விட்டபடி, தலையைத் தூக்காமல் காத்திருந்தாள்.

“மழைன்னா தேங்கத்தான் செய்யும்மா” என்றேன். “கணுக்கால்கூட நனையாது.”

வெள்ளிக்கிழமை ஓதிவிட்டுக் குடிவருகிறார்கள்.