மேசையில் ஒட்டிய பெயர்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கால்வலிதான் விட்டபாடில்லை, அலுவலகத்தின் நான்கு மாடிப் படிகளையும் நான்தானே கழுவுகிறேன். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பட்டம் வாங்கி இரண்டு வருடமாகியும் என் மகள் வீட்டில் உட்கார்ந்து போனைத் தேய்க்கிறாள், முயற்சி போதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவளும் அதைப் படித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போனில்தான் அண்ணா அவள் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாள். புதியவர்கள் தேவை என்று விளம்பரம் செய்வார்கள். நேரில் போனால் மூன்று வருட அனுபவம் எங்கே என்பார்கள். பிறக்கும்போதே அனுபவத்தோடு பெற்றிருக்க வேண்டுமோ என்னவோ.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓரிடம் காலி. செவ்வாய்க்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஜன்னலோர மேசையைத் துடைத்து, ஒரு பெயர்ச்சீட்டை ஒட்டச் சொன்னார். அவருடைய மைத்துனர் மகன் பெயர். ஒட்டினேன். நேர்முகத் தேர்வு மறுநாள்தான்.

புதன்கிழமை அறுபது பிள்ளைகள் வந்தார்கள். நாற்காலி பன்னிரண்டு. மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள், என் மகளும்தான். முதல் நாளே அவளைத் தடுத்திருக்கலாம். விஷயம் வெளியே போனால் என் பிழைப்பில் மண் விழும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். என் மகள் என்று காட்டிக்கொள்ளாதே என்றும் சொல்லி வைத்திருந்தேன். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தேன். அவளும் வாங்கிக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

ஆளுக்கு மூன்று நிமிடம். சுத்தக் கண்துடைப்பு. நாங்களே கூப்பிடுகிறோம் என்று சிரித்த முகமாக அனுப்பி வைத்த அந்த மேலாளரைத் துடைப்பத்தாலேயே நாலு போட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் குடித்த காபிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போன் அவள் கையில்தான். நேற்று, கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எங்கே தப்பு செய்தோம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்டதான் ஏதோ குறை இருக்கும்மா" என்றாள். அப்போதும் அந்தப் பெயர்ச்சீட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர்கள் மேல் இருக்கிற ஆத்திரத்துக்குக் குறையாமல் என் மேலும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பிறகு அவள் என் முகத்தில் விழிப்பாளோ மாட்டாளோ தெரியாது. உங்களுக்குத்தான் போன் செய்வாள். புத்தி சொல்லாதீர்கள் அண்ணா. எனக்காகப் பரிந்தும் பேச வேண்டாம். அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னால் இனி நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை