அடி அண்ணாமலை வரைக்கும்தான்

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம், என் எடையும் எங்களோடு சௌக்கியமாக இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. நீயும் மருமகள் ஓவியாவும் புனேயில் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக இருக்க அண்ணாமலையாரைக் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸப் இருக்கும்போது இந்த அம்மாவுக்குக் காகிதமும் பேனாவும் எதற்கு என்று நினைப்பாய். இந்தக் கூரியர் கவரில் டாக்டர் முருகையன் எழுதிய கடிதம் இருக்கிறது, முத்திரையோடு ஒரிஜினல்தான் வேண்டும் என்று உன் கம்பெனி இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள் அல்லவா, அதற்காக அனுப்புகிறேன். கவரில் இடம் சும்மா கிடந்தது. தவிர, போனில் பேசினால் பாதியிலேயே மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது.

பாதிக் கதை உனக்குத் தெரியும், ஆனாலும் ஓவியாவும் படிப்பாள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். வேலூர் சர்ஜன் என் வயிற்றைச் சின்னதாக்கிவிடலாம், சர்க்கரையும் அடங்கும், தூக்கத்தில் மூச்சு அடைப்பதும் நிற்கும், முட்டிக்கும் நல்லது என்று சொல்லிவிட்டார். உன் கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோருக்கும் இடம் உண்டு என்று நீதான் சொன்னாய். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த அம்மாளை நெடுநாளாகப் பார்க்கிற டாக்டர், இவர் என்னென்ன செய்து பார்த்தார், ஏன் எடை குறையவில்லை, ஆபரேஷன் ஏன் அவசியம் என்று ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். இது என்ன பெரிய விஷயம், உனக்கு அம்மை போட்டபோதே வீட்டுக்கு வந்து பார்த்த மனிதர், ஐந்து நிமிஷத்தில் எழுதிவிடுவார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில்தான் எழுதினார். எனக்கு இரண்டாம் கல்யாணத்துக்கு வரன் தேடுகிற மாதிரி எழுதிக் கொடுத்தார். நல்ல குடும்பத்துப் பெண்மணி, நர்சரி பள்ளி ஆசிரியை, பிள்ளைகளிடம் பாசமானவர், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தவறாமல் கிரிவலம் செல்பவர். நம் ஊரில் ஒரு ஆளைப் பாராட்ட இதற்கு மேல் வார்த்தை கிடையாது, எனக்கும் படித்ததும் மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனால் இன்சூரன்ஸில் உட்கார்ந்திருந்தவர் கிரிவலம் என்றால் என்ன என்று தேடிப் பார்த்திருக்கிறார். பதினாலு கிலோமீட்டர் என்று வந்திருக்கிறது. மாதா மாதம் இவ்வளவு தூரம் நடக்கிற அம்மாளுக்கு ஆபரேஷன் எதற்கு, இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, அவர் நம் மலையைச் சுற்றியவரா.

இந்தச் செய்தியைச் சொல்லத்தான் நீ போன் செய்தாய். கூடவே ஒன்று சொன்னாய். "வாயைக் கட்டினா போதுமேம்மா, எதுக்கு வயித்தை வெட்டிக்கணும்"னு சொன்னாய். நான் சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குப் பதில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அடுப்பில் வேறு ரசம் பொங்கிக்கொண்டிருந்தது.

என் கிரிவலம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. ஜாஸ்தி நடங்க, கம்மியா சாப்பிடுங்க என்று டாக்டர் சொன்னதும் உன் அப்பாதான் கிளப்பிவிட்டார், நடந்த மாதிரியும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு என்று. லைன்மேனாக இருந்தவர், கம்பம் ஏறி ஏறிக் கம்பமாகவே ஆகிவிட்ட மனிதர், அவருக்கு நடப்பது ஒரு வேலையா. முன்னால் விறுவிறுவென்று போய்விடுவார். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு லிங்கத்திடமும் உட்கார்ந்து உட்கார்ந்து போவேன், பார்க்கிறவர்கள் எனக்கு பக்தி முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். வழி நெடுக அன்னதானம் வேறு. ஒரு இடத்தில் சாம்பார் சாதம், ஒரு இடத்தில் பொங்கல், அடுத்த பந்தலில் கேசரி. அன்னதானத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள், நானும் யாருடைய மனதையும் நோகடிக்கவில்லை. அடி அண்ணாமலை வருவதற்குள் முட்டி இரண்டும் பூசணிக்காயாகிவிடும். அங்கே அப்பாவின் சித்தப்பா மகன் மணிவேல் கடையில் உட்கார்ந்துவிடுவேன். அப்பா மீதியைச் சுற்றி முடித்து, விடிந்து கிரிவலப் பாதையில் வண்டிகளை விட்ட பிறகு ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போவார். ஆக நான் பாதி மலை, அவர் முழு மலை. எனக்கு இதில் ஒரு வெட்கமும் இல்லை, இந்த ஊர் சாமியே தீபத்தன்று அர்த்தநாரியாக, பாதி பாதியாகத்தானே வந்து நிற்கிறார். ஆனால் உன் அப்பா டாக்டரிடம் போகும்போதெல்லாம், தவறாம போறாங்க டாக்டர் என்று எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார். நடந்தது பாதி, சாப்பிட்டது முழுசு, எடை எப்படிக் குறையும் நீயே சொல்.

போன திங்கட்கிழமை சாயந்திரம் மறுபடி கிளினிக்குக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் நான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். முருகையன் டாக்டருக்கு இன்சூரன்ஸிலிருந்து கடிதம் திரும்பி வந்தது பெரிதாகப் படவில்லை, பாதியில் உட்கார்ந்தேன் என்பதுதான் பெரிதாகப் பட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சாமி காரியத்துல இப்படிப் பண்ணலாமா சக்கரபாணி என்று உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அப்பா சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அந்த கிரிவலம் வரியை எடுத்துவிட்டு வேறு கடிதம் கொடுங்கள் என்று கேட்டால் மனிதர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். சாமி பேரால் எழுதிய வரியை அடிக்க மாட்டாராம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கமாம். எனக்கு வந்த கோபத்தில், உங்க சாமி என் முட்டியைத் தூக்கிக்கிட்டு நடப்பாரா டாக்டர் என்று கேட்டுவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். அந்த வரி இருக்கட்டும், அதோடு உண்மையையும் சேர்த்துவிடலாம் என்றார். அதன்படி எழுதினார். கிரிவலம் செல்ல முயல்வார், அடி அண்ணாமலை வரைக்கும்தான் முடியும், அதற்குள் மூச்சு இரைத்து முட்டி வீங்கிவிடும், ஆட்டோவில் திரும்புவார். சாமியையும் விட்டுக்கொடுக்கவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. படித்துப் பார்த்தபோது இவரை முன்பே கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். பேத்தி எடுக்கிற வயசுல அழகாகி என்னம்மா பண்ணப் போறீங்க என்று. விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் நடந்ததை உன்னிடம்கூடச் சொன்னதில்லை, அவரிடம் சொன்னேன். எல்கேஜி பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துதான் பாட்டு சொல்லித்தர வேண்டும் என்று புதிதாக வந்த பிரின்சிபால் உத்தரவு. உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. ஆயா வந்து ஒரு கையைப் பிடித்தாள், பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து இன்னொரு கையையும் முந்தானையையும் பிடித்துக்கொண்டு, தேர் இழுக்கிற மாதிரி அண்ணாமலைக்கு அரோகரா என்று கத்திக்கொண்டே இழுத்தார்கள். அவ்வளவு சந்தோஷம் அதுகளுக்கு. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் ஸ்டோர் ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாளிலிருந்து நாற்காலி போட்டு உட்காருகிறேன், பிள்ளைகள் கீழே, நான் மேலே. மடியில் ஏறி உட்காருகிற பிள்ளைகள் இப்போது தூரத்திலிருந்து பார்க்கின்றன. இதைச் சொல்லிவிட்டு டாக்டரிடம், "தரையில உட்கார்ந்தா நானா எழுந்திருக்கணும் டாக்டர், அவ்ளோதான் வேணும், அழகெல்லாம் நீங்களே வச்சிக்குங்க"னு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் குழந்தை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், கூட நிற்க ஆள் வேண்டும், வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா என்று அடுத்து கேட்டார். உன் அப்பா அதுவரை வாயே திறக்காமல் இருந்தவர், "அவளுக்கு மூச்சு நின்னு நின்னு வருது டாக்டர், திரும்ப வர்ற வரைக்கும் பார்த்துக்கினே படுத்திருப்பேன், நான் ஒழுங்கா தூங்கி ரொம்ப நாளாச்சு"ன்னாரு. நான் இத்தனை நாளாக அவர் பகலில் நாற்காலியிலேயே தூங்கி வழிவதைப் பார்த்து, ரிடையர் ஆன சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அவருக்குப் பிடித்த மசால் வடை வாங்கிக் கொடுத்தேன், நான் ஒன்றுகூடத் தொடவில்லை, அதையும் இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்.

வாயைக் கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் கம்பங்கூழ் என்று ஒரு வருஷம், ஓட்ஸ் என்று ஒரு வருஷம், ராத்திரி பட்டினி என்று ஒரு வருஷம் கட்டிப் பார்த்தவள்தான் நான். கொஞ்சம் குறையும், வட்டியோடு திரும்பி வந்துவிடும். எங்கள் அப்பா இதே உடம்போடுதான் இருந்தார், இதே மாதிரிதான் மூச்சு வாங்கினார், அறுபதைப் பார்க்கவில்லை. போன வாரம் வீடியோவில் உன்னைப் பார்த்தேன், டீ ஷர்ட்டுக்குள் தொப்பை எட்டிப் பார்க்கிறது. அதை ஓவியாவின் சமையல் மேல் போடாதே, அது நம் வீட்டுச் சொத்து. நீயும் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடு, வெளியே வாங்கிச் சாப்பிடுவதைக் குறை, மாடிக்கு லிஃப்டில் போகாதே.

கடைசியாக, டாக்டர் உன்னைப் பற்றியும் கேட்டார். பையன் என்னம்மா சொல்றான் என்று. உன் அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "அவன்தான் டாக்டர் முன்னாடி நின்னு எல்லாத்தையும் பண்றான்"னு சொல்லிவிட்டேன். அதையும் எழுதிவிட்டார். கீழே முத்திரைக்கு மேல் பார், மகன் முழு மனதோடு துணை நிற்கிறார் என்று இருக்கும். அந்தக் கடிதத்தில் எடை, சர்க்கரை, மூச்சு, ஆட்டோ எல்லாம் டாக்டருக்குத் தெரிந்த உண்மை. அந்த ஒரு வரி மட்டும் நான் சொன்னது. நீ வேறு கம்பெனிக்கு மாறப் போவதாகச் சொன்னாயே, மாறினால் இந்த இன்சூரன்ஸும் போய்விடும், அதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து படி. அந்த வரி பொய் என்று உனக்குத் தோன்றினால் அனுப்ப வேண்டாம், பீரோவில் வைத்துவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அழுவேன், அது வேறு. உண்மை என்று தோன்றினால் நாளைக்கே அனுப்பிவிடு, என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அனுப்பிவிட்டேன் என்று உன் அப்பாவுக்கு மட்டும் ஒரு போன் போடு. அவர் அன்றைக்காவது கொஞ்சம் தூங்கட்டும்.

உங்கள் இருவருக்கும் அண்ணாமலையார் நோயில்லாத உடம்பும் குறையில்லாத சோறும் தரட்டும், அதைச் செரிக்கிற வயிறும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தனம் சக்கரபாணி